புள்ளிவிவர ஜாதகம்

குழந்தை பிறந்ததும் நாளும் நாழிகையும் பார்த்து, அதன் வாழ்நாள் முழுவதையும் ஓர் ஓலைக்குள் எழுதி முடித்துவிடும் வழக்கத்தை நாம் எள்ளி நகையாடுகிறோம். பேசத் தெரியாத பிள்ளைக்குப் பேர் வைக்கும் முன்பே தலைவிதி எழுதுவது அறிவுடைமை ஆகுமா என்று மேடைதோறும் கேட்கிறோம். நன்று. ஆனால், தோழர்களே, ஓலைக்குப் பதிலாகக் காகிதமும், சோதிடருக்குப் பதிலாகப் பேராசிரியரும், கிரகங்களுக்குப் பதிலாகப் புள்ளிவிவரமும் வந்து நின்று, 'இந்தப் பிள்ளை இப்படித்தான் ஆகும்' என்று சொல்வதுபோல் தோன்றினால் நாம் என்ன செய்வோம்? நகைப்போமா? அல்லது, அறிவியல் சொல்லிவிட்டது என்று தலை வணங்கிவிடுவோமா?

இப்படிக் கேட்கக் காரணம் உண்டு. மணம் செய்துகொள்ளாத பெற்றோருக்குப் பிறந்த குழந்தைகள் எவ்வாறு வளர்கிறார்கள், எங்கே தடுக்கி விழுகிறார்கள், எதனால் எழுந்து நிற்கிறார்கள் என்பதை அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி கால் நூற்றாண்டாகக் கவனித்து வந்திருக்கிறது. அதன் முடிவுகளை எடுத்துக்காட்டுவோர் பலர். எடைபோட்டுப் பார்ப்போர் சிலர். "பார்த்தீரா, மணவினை இல்லாத மனை பாழ்மனை என்று முன்னோர் சொன்னது பலித்துவிட்டது" என்று ஒரு சாரார் களிக்கின்றனர். "மணம் என்பதே பழமை, அதற்குச் சார்பாக எது வந்தாலும் பொய்" என்று வேறு சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். முன்னவர் படிக்காமலே மகிழ்கிறார். பின்னவர் படிக்காமலே மறுக்கிறார். படித்துப் பார்த்து, கொள்ளத்தக்கதைக் கொண்டு, தள்ளத்தக்கதைத் தள்ளுவதே பகுத்தறிவாளர் கடமை.

முதலில், பிறப்பின் மீது முத்திரை குத்தும் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதை நினைவுபடுத்திக்கொள்வோம். அமெரிக்க நாட்டு லூசியானா மாநிலத்தில் ஐந்து பிள்ளைகளின் தாய் ஒருத்தி இறந்தாள். மருத்துவர் அசட்டையாக இருந்ததே சாவுக்குக் காரணம் என்று கூறி, பிள்ளைகள் சார்பில் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடரப்பட்டது. மாநில நீதிமன்றங்கள் என்ன சொல்லின? அவள் மணமாகாமல் பெற்ற பிள்ளைகள் அவர்கள்; ஆகவே சட்டத்தின் கண்ணில் அவர்கள் 'பிள்ளைகள்' அல்லர் என்றன! பெற்றவள் அவள், பாலூட்டியவள் அவள், வளர்த்தவள் அவள். ஆனாலும் பிள்ளைகள் அல்லராம். 1968ஆம் ஆண்டில்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பெற்றோர் செயலுக்காகப் பிள்ளைகளின் உரிமையைப் பறிப்பது அரசியல் சட்டத்திற்கு முரண் என்று தீர்ப்பளித்தது.

இது எங்கோ நடந்த கதை என்று தள்ளிவிடும் உரிமை நமக்கு இல்லை. புரோகிதரும் அக்கினியும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறியபோது, அப்படி மணந்த எத்தனையோ இணையர் சட்டத்தின் ஏட்டிலே மணமாகாதவர் ஆனார்கள். அவர்கள் பிள்ளைகளின் நிலை என்ன என்ற கேள்வி எழுந்தது. 1967இல் அண்ணா ஆட்சியில் நிறைவேறிய சட்டம், முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்றது. சட்டம் வருவதற்கு முதல்நாள் இருந்த பிள்ளைதானே மறுநாளும் இருந்தது? அதன் அறிவிலோ உடலிலோ அன்பிலோ ஒரு மயிரிழை மாற்றமேனும் நேர்ந்ததா? மாறியது ஏடு, பிள்ளை அல்ல. முத்திரை என்பது குத்துபவரின் கையில் இருக்கிறதே தவிர, குத்தப்படும் குழந்தையின் உடலில் இல்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

சரி, சட்டத்தின் முத்திரை அழிந்தது. வாழ்க்கையில் வேறுபாடு உண்டா, இல்லையா? இங்கேதான் ஆராய்ச்சி தொடங்குகிறது. அமெரிக்காவில் 1960ஆம் ஆண்டு பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேரே மணமாகாத தாய்க்குப் பிறந்தவர்கள். 2009இல் அந்தத் தொகை நூற்றுக்கு 41 ஆயிற்று. இவ்வளவு பெரிய மாற்றத்தைக் கண்ட பின்னும் ஊகத்தையே உண்மையாக எண்ணிப் பேசிக்கொண்டிருப்பது முறையல்ல என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துச் சமூகவியலறிஞர் சாரா மெக்லனகன், கொலம்பியா பல்கலைக்கழகத்து இர்வின் கார்ஃபிங்கல் முதலியோர் ஒரு பெரும்பணியைத் தொடங்கினர். 1998 முதல் 2000 வரை, 20 பெருநகரங்களில் 75 மருத்துவமனைகளில் பிறந்த 4,898 குழந்தைகளைத் தேர்ந்துகொண்டனர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் மணமாகாத பெற்றோரின் பிள்ளைகள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மணமானோரின் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். குழந்தை பிறந்த மருத்துவமனையிலேயே தாயிடம் கேட்டனர். கூடியவரை தந்தையையும் தேடிக் கேட்டனர். பின்னர் குழந்தைகளுக்கு 1, 3, 5, 9, 15, 22 வயதானபோதெல்லாம் மீண்டும் போய்க் கேட்டனர். அன்று தொட்டிலில் கிடந்தவர்கள் இன்று இருபத்தைந்து வயதைக் கடந்த இளைஞர்கள். ஒரு தலைமுறையின் வளர்ச்சியை உடனிருந்து எழுதிய ஏடு என்று இதைச் சொல்வது மிகையாகாது.

இந்த ஏடு முதலில் உடைத்தது பழமைவாதியின் கற்பனையை. மணமாகாத தாய் என்றதும் அவர் மனக்கண்ணில் தோன்றுவது என்ன? ஏமாற்றிவிட்டு ஓடிய ஆடவன், கைவிடப்பட்ட பெண், தகப்பன் பேர் தெரியாத பிள்ளை! ஆனால் மருத்துவமனையில் கண்டது வேறு. மணமாகாத பெற்றோரில் சரிபாதியினர் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தவர்கள். இன்னும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வேறு வேறு வீட்டில் இருந்தாலும் காதலர்களாகவே இருந்தவர்கள். பெரும்பாலான தந்தையர் பேறுகாலத்தில் பணமோ உதவியோ தந்தவர்கள். பிள்ளையை வளர்ப்பதில் தமக்கும் பங்கு வேண்டும் என்றவர்கள். ஒருநாள் மணந்துகொள்வோம் என்று நம்பியவர்களே மிகுதி. ஒழுக்கம் கெட்ட கூட்டம் என்று எவரை ஏசினார்களோ, அவர்கள் தொட்டிலருகே நின்று கனவு கண்டுகொண்டிருந்தார்கள்.

அந்தக் கனவு நிலைத்ததா என்று கேட்டால், இல்லை என்ற விடையையும் நாம் மறைக்கக் கூடாது. நமக்கு ஒவ்வாத உண்மையை ஒளித்து வைப்பது பகுத்தறிவு ஆகாது. குழந்தைக்கு ஐந்து வயது நிறையும்போது, மணமாகாத இணையரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே சேர்ந்திருந்தனர். பிரிந்தவர்களில் பலர் வேறு துணை தேடினர். அந்தத் துணையோடும் பிள்ளை பெற்றனர். வீட்டுக்குள் ஒருவர் வருவதும் போவதுமாக இருந்த குழந்தைகளிடம் முரட்டுத்தனமும் மனக்கலக்கமும் மிகுந்திருந்தன. மாற்றங்களின் எண்ணிக்கை ஏற ஏற, அத்தொல்லைகளும் ஏறின. சராசரியாகப் பார்த்தால் மணமான பெற்றோரின் பிள்ளைகளைவிட இவர்கள் படிப்பிலும் உடல்நலத்திலும் பின்தங்கியே இருந்தனர்.

"அப்படியானால் நாங்கள் சொன்னது சரிதானே!" என்று பழமைவாதி துள்ளி எழுவார். சற்றுப் பொறுக்கட்டும். மணமாகாதவர் யார், மணமானவர் யார் என்று பிரித்துப் பார்த்தபோது, மோதிரம் ஒன்று மட்டுமா அவர்களுக்கிடையே நின்றது? மணமாகாத தாய்மார் வயதில் இளையோர், வருவாயில் எளியோர். அவர்களில் கல்லூரிப் படிப்பு முடித்தவர்கள் மிகமிகச் சிலர். தந்தையருக்கோ நிலையான வேலை இல்லை. பலர் சிறை கண்டு மீண்டவர்கள். கருப்பின மக்களும் ஸ்பானிய மொழி வழி வந்த மக்களும் இவர்களிலே மிகுதி. ஆக, குழந்தை பிறக்கும் முன்பே ஏற்றத்தாழ்வு பிறந்து, தொட்டிலுக்குப் பக்கத்தில் காத்துக் கிடந்தது! தாயின் கல்வி, வீட்டு வருவாய் இவற்றையெல்லாம் கணக்கில் சேர்த்துப் பார்க்கும்போது, மணமாகாமலேயே பிரியாமல் வாழ்ந்த பெற்றோரின் பிள்ளைக்கும் மணமான பெற்றோரின் பிள்ளைக்கும் இடையிலுள்ள தூரம் பெரிதும் குறைந்துவிடுகிறது. தந்தை சிறைக்குப் போன குடும்பங்களிலோ, அதன் வடு பிள்ளையின், குறிப்பாக ஆண் பிள்ளையின், நடத்தையிலே தெரிகிறது. சிறைக் கதவைப் பூட்டியது மணமாகாமையா? அல்ல, அது அரசின் பூட்டு.

மெக்லனகன் இதற்கு முன்பே, 1994இல் கேரி சாண்டஃபருடன் சேர்ந்து எழுதிய நூலில், ஒற்றைப் பெற்றோரிடம் வளரும் பிள்ளைகளின் பின்னடைவில் ஏறத்தாழப் பாதிக்கு வருவாய்க் குறைவே காரணம் என்று கணித்திருந்தார். மறுபாதிக்கு வீட்டின் நிலையின்மை, பெற்றோரின் கண்காணிப்புக் குறைவு, சுற்றத்தாரின் துணை இழப்பு முதலியவை காரணம் என்றார். பாதியைச் சொல்லி மறுபாதியை மறைக்கும் வழக்கறிஞர் வேலையை அவர் செய்யவில்லை. அந்த நேர்மைக்காகவே 2021ஆம் ஆண்டின் கடைசி நாளில் மறைந்த அந்த அறிஞரை நாம் போற்ற வேண்டும்.

பிறப்பு வேறு, வளர்ப்பு வேறு என்பதை இன்னும் தெளிவாகக் காட்டும் சான்று ஒன்று இங்கிலாந்திலே உண்டு. 1958ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஒரே வாரத்தில் பிரிட்டனில் பிறந்த ஏறத்தாழ 17,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தனர். அவர்களில் மணமாகாத தாய்க்குப் பிறந்தோரின் நிலையைப் பற்றி 1971இல் ஒரு நூல் வெளிவந்தது. அப்படிப் பிறந்தவர்களில் ஒரு பகுதியினர் வசதியுள்ள வீடுகளுக்குத் தத்துப் போயினர். மற்றவர் தாயிடமே, பெரும்பாலும் வறுமையிலே, வளர்ந்தனர். ஏழாம் வயதில் பார்த்தால், தாயிடம் வளர்ந்தவர்கள் படிப்பில் பின்தங்கினர். தத்துப் போனவர்களோ பின்தங்கவில்லை. இரு சாராரின் பிறப்பும் ஒன்றே. சட்டம் இருவருக்கும் சூட்டிய இழிபெயரும் ஒன்றே. ஆனால் ஒருவர் தலைமேல் நல்ல கூரை இருந்தது, மற்றவர் தலைமேல் இல்லை. பழி பிறப்பினுடையது என்றால், தத்துப் போன பிள்ளையையும் அது துரத்தியிருக்க வேண்டுமல்லவா? ஏழைத் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க வேண்டும் என்பது இதன் பாடமல்ல. அந்தக் கூரையைத் தாய்க்கே தந்திருந்தால் என்ன என்று கேட்பதே பாடம்.

இனி, ஆளவந்தார் செய்ததைப் பார்ப்போம். 1996இல் அமெரிக்கா ஏழைக் குடும்பங்களுக்கான உதவிச் சட்டத்தை மாற்றியபோது, திருமணமே சமுதாயத்தின் அடித்தளம் என்ற கருத்தை முகப்பிலேயே பொறித்தது. உதவி பெறும் காலத்துக்கு ஐந்தாண்டு எல்லையும் கட்டியது. பத்தாண்டு கழித்து, மண வாழ்வை வலுப்படுத்தவும் தந்தையரைப் பொறுப்புள்ளவர் ஆக்கவும் ஆண்டுக்கு 15 கோடி டாலர் ஒதுக்கியது. மணமாகாத இணையரைக் கூட்டி, சண்டையின்றிப் பேசுவது எப்படி, உறவைக் காப்பது எப்படி என்று பாடம் நடத்தினர். எட்டு இடங்களில் 5,000க்கும் மேற்பட்ட இணையரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பாடம் சொல்லி, மறு பிரிவுக்குச் சொல்லாமல் விட்டு, மூன்றாண்டுக்குப் பின் சோதித்தனர். விளைவு? பாடம் கேட்டவர் கேளாதவரைவிட மிகுதியாக மணந்துகொள்ளவில்லை. மிகுதியாகச் சேர்ந்திருக்கவும் இல்லை. பிள்ளைகளின் நடத்தைத் தொல்லைகள் சிறிதளவு குறைந்திருந்தன. அதே வேளையில் தந்தையர் பிள்ளைகளோடு செலவிடும் நேரமும் தரும் பணமும் சிறிதளவு குறைந்திருந்தன. வேலையும் வாடகையும் கேட்டவனுக்கு இல்லற ஒழுக்கம் பற்றிச் சொற்பொழிவு கொடுத்தால், வேறென்ன கிடைக்கும்?

இதற்கு மாறான ஒரு காட்சியும் அதே நாட்டில் தெரிந்தது. 2021இல் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கான வரிச் சலுகையைப் பெருக்கி, ஆறு மாதம் மாதாமாதம் பணமாகவே தந்தனர். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 300 டாலர், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 250 டாலர். பெற்றோர் மணமானவரா என்று பார்த்து வேறுபாடு செய்யவில்லை. அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அளவுகோலின்படி, அவ்வாண்டில் வறுமையில் வாடிய பிள்ளைகள் நூற்றுக்கு 5.2 பேர். அந்தத் திட்டம் நீட்டிக்கப்படாமல் நின்றது. 2022இல் அந்த எண் 12.4 ஆயிற்று. ஓராண்டில் இரு மடங்குக்கு மேல்! அந்த ஓராண்டில் பெற்றோரின் ஒழுக்கமா கெட்டது? உதவி நின்றது, வறுமை வந்தது. அவ்வளவே.

இந்த ஆராய்ச்சியிடம் குறையே இல்லையா? உண்டு. முதற்குறை அதன் பெயர். நெடுங்காலம் அது 'எளிதில் உடையும் குடும்பங்கள்' என்னும் பொருள்பட அழைக்கப்பட்டது. இவர்களும் குடும்பமே என்று வலியுறுத்தவும், இவர்களுக்கு இடர் மிகுதி என்று எச்சரிக்கவுமே அப்பெயரை வைத்ததாக அதனைத் தொடங்கியோர் கூறினர். நோக்கம் நல்லதே. ஆயினும் கண்ணாடிப் பாத்திரத்தின் மேல் எழுதுவதுபோல் ஒரு வீட்டின் மேல் 'உடையும்' என்று எழுதி வைத்தால், பார்ப்பவன் அது உடையும் நாளையன்றோ எதிர்பார்ப்பான்? 2023இல் 'குடும்பங்களின் எதிர்காலம்' என்ற பொருளில் பெயரை மாற்றினர். காலந்தாழ்ந்து செய்தாலும் கண்ணியமான செயல். இரண்டாவது குறை, கிடைத்த செய்தியில் பெரும்பகுதி தாய் வாய்மொழி. தந்தையரில் பலரைப் பின்னாளில் கண்டுபிடிப்பதே அரிதாயிற்று. மூன்றாவது, இது பெருநகரங்களின் கதை. சிற்றூர்களின் கதை அல்ல. நான்காவது, எந்த இரு குடும்பமும் மணத்தில் மட்டும் வேறுபடுவதில்லை. ஆகவே, எது காரணம், எது உடன்வரவு என்று பிரித்தறிவது இங்கே மிகக் கடினம். இவற்றை மறந்துவிட்டு முடிவை மட்டும் முழங்குவோர், ஆராய்ச்சிக்குத் துணை செய்வதில்லை. இழுக்கே தேடித் தருகின்றனர்.

ஆனால், அந்த ஆராய்ச்சியாளர்களே முன்னின்று நடத்திய ஒரு சோதனைதான் என் உள்ளத்தை மிகவும் தொட்டது. பிறப்பு முதல் ஒன்பது வயது வரை 4,242 குடும்பங்களைப் பற்றித் திரட்டிய செய்திகளை, ஏறத்தாழ 13,000 வகைச் செய்திகளை, உலகத்து அறிஞர் முன் வைத்தனர். "பதினைந்தாம் வயதில் இந்தப் பிள்ளைகளின் நிலையை முன்கூட்டிச் சொல்லுங்கள் பார்ப்போம்" என்று அறைகூவல் விடுத்தனர். பள்ளி மதிப்பெண், விடாமுயற்சி, வீட்டின் வறுமை, குடியிருந்த வீட்டை விட்டு வெளியேற்றப்படுதல் முதலிய ஆறு செய்திகளைக் கணிக்க வேண்டும். 160 குழுக்கள் கணினியும் கணிதமும் கொண்டு முயன்றன. 2020இல் முடிவு வெளிவந்தது. எந்தக் குழுவாலும் நன்றாகக் கணிக்க முடியவில்லை! மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டால், பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் சிறந்த கணிப்பாலும் விளக்க முடிந்தது. வேறு சில செய்திகளில் அதுவும் இல்லை. நான்கே செய்திகளை வைத்துப் போட்ட எளிய கணக்கைவிட, அத்தனை பேரறிவும் சேர்ந்து சற்றே முன்னேறியது, அவ்வளவுதான்.

இதன் பொருள் என்ன? ஆயிரம் பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தால், வறுமையும் நிலையின்மையும் கெடுதி செய்வது தெரிகிறது. ஆகவே அவற்றை ஒழிக்க அரசு முனைய வேண்டும். ஆனால் அந்த ஆயிரத்தில் ஒரு பிள்ளையைத் தனியே நிறுத்தி, "நீ இன்னவன் ஆவாய்" என்று சொல்ல எவராலும் முடியாது. சராசரி என்பது சட்டமன்றத்துக்கு வழிகாட்டி. பிள்ளைக்கு ஜாதகம் அல்ல. இந்த இரண்டையும் பிரித்தறியாதவன், கோயில் சோதிடனைக் கைவிட்டுக் கணக்குச் சோதிடனைக் கும்பிடுகிறான்.

இதை நான் பிறருக்கு மட்டும் சொல்லவில்லை. நான் பள்ளி ஆசிரியன். இந்த ஆராய்ச்சியின் தொடக்க முடிவுகளை முதன்முதலாகப் படித்த அன்று, என் வகுப்பில் தந்தை பேர் எழுதப்படாத ஒரு மாணவன் என் நினைவுக்கு வந்தான். கணக்கில் அவன் தவறிக்கொண்டே இருந்தான். 'ஓ, காரணம் விளங்கிவிட்டது' என்று என் மனம் சொல்லிற்று. விளங்கிவிட்டது என்று எண்ணியதால், அவனை அழைத்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சில வாரம் கழித்து, பக்கத்து இருக்கைப் பிள்ளையின் ஏட்டைப் பார்த்து அவன் எழுதுவதைக் கண்டபோதுதான், கரும்பலகை அவன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவனுக்கு வேண்டியிருந்தது மூக்குக்கண்ணாடி; நான் தேடிக்கொண்டிருந்தது தந்தையின் பெயர்! ஓலை படிக்கும் சோதிடனை மேடையில் கேலி செய்த நானே, என் வகுப்பறையில் புள்ளிவிவர ஓலை படித்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே, தோழர்களே, இந்த ஆராய்ச்சியைப் படியுங்கள், பயன்படுத்துங்கள். "மணமின்றிப் பிறந்த பிள்ளை கெடும்" என்போரிடம், கெடுப்பது பிறப்பல்ல, வறுமையும் வேலையின்மையும் சிறையும் நிலையின்மையுமே என்று எடுத்துக்காட்டுங்கள். "குடும்பம் எப்படியிருந்தால் என்ன?" என்போரிடம், பிள்ளைக்கு நிலையான அன்பும் நிலையான வீடும் வேண்டும் என்று அதே ஆராய்ச்சியைக் காட்டிச் சொல்லுங்கள். அவ்வன்பும் அவ்வீடும் தாலியாலோ மோதிரத்தாலோ தாமாக வந்துவிடுவதில்லை. அவை இல்லாததாலேயே தடைபடுவதும் இல்லை. பின், உங்கள் முன் ஒரு பிள்ளை வந்து நின்றால், கணக்கேட்டை மூடி வையுங்கள். அந்தப் பிள்ளையைப் பாருங்கள்.